ஈரம் போக நாலு மணி நேரம்

ராணிப்பேட்டை சிப்காட், மூன்றாம் தெருக் கடைசி,
பெயர்ப்பலகையில் துரு மட்டும் படிக்கக் கிடைக்கிற கொட்டகை.
இரவு ஷிப்டு. வெயில் போய்விட்டது,
அதன் சூடு தகரத்தில் தங்கிவிட்டது.

மூட்டை மூட்டையாய் வருகின்றன பாட்டில்கள்.
காட்பாடியில் ரயில் நிற்கிற ரெண்டு நிமிடத்தில் குடித்து வீசியவை,
ஸ்ரீபுரம் போன பஸ்ஸில் இருக்கைக்கடியில் உருண்டவை,
ஆஸ்பத்திரி வாசலில் வங்காளத்துக்காரர்கள்
தலைமாட்டில் வைத்துத் தூங்கியவை.
ஒன்றில் மார்க்கரால் யாரோ பெயர் எழுதியிருந்தார்கள்.
அந்த எழுத்து எங்களில் ஒருவருக்கும் தெரியாது.
சம்பங்கி திருப்பித் திருப்பிப் பார்த்து
"குணமாயிருக்கும்" என்றாள்,
அரவை வாய்க்குள் போட்டாள்.

நான் உடைப்பவள்.
சம்பளச் சீட்டில் தரக் கட்டுப்பாடு என்றிருக்கும்.
விரல் நீளத் துண்டில் சின்னதாய் ஒரு வெட்டுப் போட்டு,
பிடியில் நிறுத்தி,
ஊசல் சுத்தியலை அவிழ்த்துவிடுவேன்.
வெறும் பாட்டில் பிளாஸ்டிக் என்றால்
அப்பளம்.
முறிந்த முகம் கண்ணாடி மாதிரி பளபளக்கும்,
சண்டையே போடாமல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஆம்பூர் ஆர்டர்: பெண்கள் செருப்புக்குக் குதி.
முதல் லாட்டில் மூவாயிரம் ஜோடி
"படியிறங்கும்போது பட்டென்று போகிறது" என்ற சீட்டோடு
திரும்பி வந்தது.

அதனால் ரப்பர். சோல் வெட்டிய மிச்சம், அதே ஆம்பூரிலிருந்து.
ரெண்டும் ஒன்றையொன்று ஏறெடுத்துப் பார்க்காது,
உருகி ஒரே குழாயில் ஓடினாலும்.
நடுவில் ஒரு வெள்ளைப் பொடி வேண்டும், நூற்றுக்கு ரெண்டு;
கண்ணை எரிக்கும்; அதன் ஒரு கை பாட்டிலின் சட்டையைப் பிடிக்கும்,
மறு கை ரப்பரின் சட்டையை.
பதினைந்து பங்கு ரப்பர் போதாது என்றார் இத்ரீஸ் பாய்.
முப்பது போட்டோம். குதி வளைந்தது,
சம்பங்கியின் எடைக்கே வளைந்தது.
இருபதில் நின்றோம்.

ஆனாலும் நேற்று முறிந்தது. வெட்டுமுகம் முழுக்கக் கொப்புளம்.
தணிகாசலம் தரையைப் பார்த்தான்.
"கரண்ட் போயிட்ச்சிக்கா. டிரையர் ரெண்டு மணி நேரந்தான் ஓட்ச்சி.
காஞ்சிருக்கும்னு நென்ச்சி கொட்டிட்டேன்."

ஈரம்.
செதிலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பதுங்கியிருந்து
உருகும் சூட்டில் எழுந்து
நீள நீளச் சங்கிலிகளைக் கடித்துத் துண்டாக்கிவிடும்.
அப்புறம் ரப்பர் என்ன, பொடி என்ன.
தண்ணீருக்கென்றே பிறந்த பொருள்.
தண்ணீர்தான் ஆகாது.

எங்கள் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை லாரி.
பாலாற்றில் மணல்கூட மிச்சமில்லாத பக்கம்.
நான் இங்கே நூற்றி அறுபது டிகிரியில்
கடைசி ஈரத்தைத் துரத்திக்கொண்டு நின்றபோது
விடியற்காலை போன் வந்தது, வீட்டுக்காரர்:
"லாரி வந்துகீது. குடம் பத்தல. எப்ப வர்ற?"
"இன்னும் காயல" என்றேன்.
"இங்க எல்லாம் காஞ்சிதான் கெடக்குது,
நீ இன்னாத்த காய வெச்சிகினு கீற?"

நாலு மணி நேரம் முழுசாய் முடிந்தது.
புதுத் துண்டு. வெட்டு. பிடி. விட்டேன்.

சத்தம் வேறாக இருந்தது. டக் இல்லை, தப்.
வெட்டிலிருந்து பாதி தூரம் கிழிந்து
அங்கே பால்போல வெளுத்து
நின்றுவிட்டது.
மேல்பாதி ஓரத்துத் தோலைப் பிடித்துக்கொண்டு ஆடியது.
தணிகாசலம் பிய்த்துப் பார்த்தான். வரவில்லை.
பல்லால் கடிக்கப் போனான், அதட்டினேன்.

படிவத்தில் ரெண்டு கட்டம்தான்:
முறிந்தது. முறியவில்லை.
பேனாவை மூடி, திறந்து,
ஓரத்தில் எழுதினேன்: தொங்குகிறது.
இன்னும் நாலு துண்டு பாக்கி.
குடம் யார் பிடித்தார்களோ.